இன்று ரொக்கம், நாளை கடன்

என் கடைச் சுவரில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘ஆஜ் நகத், கால் தார்.’ இன்று ரொக்கம், நாளை கடன். வங்காளத்தில் தெருவுக்கு ஒரு கடையிலாவது இதைப் பார்க்கலாம். நம்மூர்ப் பெட்டிக்கடைகளுக்கும் புதிதில்லை. பலகைக்குக் கீழே உட்கார்ந்து நான் செய்த வியாபாரத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். முன்பணம் கட்டினால்தான் பேச முடியும் என்று அச்சடித்து வந்த கார்டுகளை, ஆயிரக்கணக்கில், கடனுக்கு விற்றவன் நான்.

ஜாதவ்பூரில் 8B என்றால் பஸ் எண் என்று யாரும் நினைப்பதில்லை. அது ஓர் இடம். ‘எட்டு-பி-ல இறங்கு’ என்றால் பல்கலைக்கழகமும் சந்தையும் ரயில் நிலையமும் எல்லாம் நடக்கிற தூரம். அங்கே 1993-இல் எனக்கு, வெளியூருக்குப் பேசுகிற ஒரு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. இடது காலில் போலியோ. மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தருவார்கள் என்று கேள்விப்பட்டு அப்பா மனு எழுதினார். அவர் கும்பகோணத்திலிருந்து சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு கல்கத்தா வந்து, லேக் மார்க்கெட் பக்கம் குடியேறிய தலைமுறை. அந்தக் காலத்தில் இங்கே வெள்ளைக்காரக் கம்பெனிகளில் ‘மதராஸி ஸ்டெனோ’ என்றால் தனி மதிப்பு. மகன் மஞ்சள் பலகைக்குக் கீழே உட்கார்ந்து மீட்டர் பார்ப்பான் என்று அவர் நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் மனுவை அவர்தான் ஒரு பிழையில்லாமல் தட்டச்சு செய்தார்.

பூத் வியாபாரம் பின்பணம். பேசி முடித்ததும் சின்ன மெஷின் சீட்டைக் கக்கும். அதைப் பார்த்துக் காசு. இரவு பதினொன்றுக்கு மேல் கால் கட்டணம் என்பதால், விஜய்கட் பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து காத்திருப்பார்கள். விஜய்கட் என்பது பிரிவினைக்குப் பிறகு கிழக்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள், போர்க்காலத்தில் அமெரிக்கப் படைகள் இருந்துவிட்டுப் போன முகாமில் குடியேறி உண்டாக்கிய காலனி. எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கு அன்று முன்பணம் ஏது? அரிசிக்கடைக்காரர் காத்தாவில், அதாவது கணக்கு நோட்டில், எழுதிக்கொள்வார், மாதக் கடைசியில் தீர்ப்பார்கள். இதற்கு ‘மாஷ்காபாரி’ என்று பெயர். ஜாதவ்பூரின் பழைய கடைகள் இந்தக் கணக்கின் மேல்தான் நின்றன. கடைக்காரன் வாடிக்கையாளரை நம்பினான். நம்பாவிட்டால் வியாபாரம் இல்லை.

ப்ரீபெய்டு கார்டு அந்த நம்பிக்கையைத் தலைகீழாக்கியது. கம்பெனி உங்களை நம்பாது. நீங்கள் கம்பெனியை நம்ப வேண்டும். பணம் முதலில், பேச்சு பிறகு.

இந்த யோசனை நம்பிக்கைக் குறைவால் மட்டும் பிறந்ததில்லை, சில்லறைத் தட்டுப்பாட்டாலும் பிறந்தது. 1976-இல் இத்தாலியில்தான் முதல் தொலைபேசிக் கார்டு வந்தது. அப்போது அங்கே நாணயத்துக்குப் பஞ்சம்; வங்கிகளே சிறு தொகைக்குத் தாள் அச்சடித்துக் கொடுத்தன. காசு போடும் தொலைபேசிப் பெட்டியை உடைத்துத் திருடுவதும் தொல்லை. அதனால் காந்தப் பட்டை ஒட்டிய அட்டை. 1982-இல் ஜப்பான் பிடித்துக்கொண்டு அதைப் பெரிய தொழிலாக்கியது. இதைப் படித்தபோது எனக்கு இத்தாலி ரொம்பத் தூரமாகத் தெரியவில்லை. ‘குச்ரோ நேய்’, சில்லறை இல்லை, என்பது கல்கத்தாவில் காலை வணக்கம் மாதிரி. 2007-இல் நம் ஒரு ரூபாய் நாணயங்கள் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குப் போய் சவர பிளேடு ஆகின்றன என்று போலீசே சொன்னது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் அட்டையில் மதிப்பு எழுதி, காசுக்குப் பதிலாகக் கொடுத்தார்கள். என் கடையில் இரண்டு ரூபாய் பாக்கிக்கு மிட்டாய். அட்டை காசாகும், மிட்டாய் காசாகும், காசு பிளேடாகும்.

இந்தியாவின் முதல் செல்போன் அழைப்பும் இந்த ஊரிலிருந்துதான் போனது. 1995 ஜூலை 31: ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து முதல்வர் ஜோதி பாசு, தில்லியில் மத்திய தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமிடம் பேசினார். மோடி டெல்ஸ்ட்ரா கம்பெனியின் சேவை. அப்போது நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை போகும். அழைத்தவரும் கொடுக்க வேண்டும், கேட்டவரும் கொடுக்க வேண்டும். மணி அடித்தால் எடுக்கப் பயந்து, எண்ணைப் பார்த்துவிட்டு வெட்டிவிட்டு, என் பூத்துக்கு ஓடிவந்து திருப்பிக் கூப்பிட்ட கனவான்களைக் கண்டிருக்கிறேன். கல்கத்தாவில் இரண்டே கம்பெனிகள்: மோடி டெல்ஸ்ட்ரா, உஷா மார்ட்டினின் ‘கமாண்ட்’. முன்னது ஸ்பைஸ் ஆகி ஏர்டெல் ஆனது. பின்னது ஹட்ச் ஆகி வோடஃபோன் ஆனது. பெயர் மாறும்போதெல்லாம் கடைப் பலகைக்கு நான் பெயிண்டருக்குக் கொடுத்த பணத்தில் ஒரு பீரோ வாங்கியிருக்கலாம்.

என் கடைக்கு ப்ரீபெய்டு கார்டு 2000 வாக்கில் வந்தது. விநியோகஸ்தரின் பையன் ஸ்கூட்டரில் ஒரு தோல்பையைக் கொண்டுவந்து, கல்யாணப் பத்திரிகையைப் போல இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தான். பிளாஸ்டிக் உறை பிரிக்காத கட்டு. பில்லில் ‘இந்த எண்ணிலிருந்து இந்த எண் வரை’ என்று எழுதியிருந்தது. கட்டுக்கு முழுப்பணம் அப்போதே வேண்டும். விநியோகஸ்தர் கம்பெனிக்கு ஏற்கெனவே கட்டியிருப்பார். சங்கிலியில் எல்லோரும் முன்பணம். எனக்கு நூற்றுக்கு மூன்று, நான்கு ரூபாய்.

அந்த முதல் கார்டுகள் பார்க்க அழகு. கெட்டிப் பிளாஸ்டிக், வங்கிக் கார்டின் அதே அளவு: 85.6 மில்லிமீட்டர் நீளம், 54-க்குக் கொஞ்சம் குறைவான அகலம். உலகம் முழுக்க ஒரே அளவு, அதனால் எல்லாப் பர்ஸுகளிலும் நுழையும். பின்புறம் ஒரு வரிசை எண், வெளிப்படையாக. அதன் கீழே வெள்ளிப் பட்டை. பட்டைக்குள் ரகசிய எண். வெள்ளி என்று சொல்வது பழக்கம். ரப்பர் பால் கலந்த மை அது. நகத்தால் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் உருண்டு வரும். இங்கே 8B-யிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் ‘சுலேகா’ என்ற நிறுத்தம். 1934-இல் தொடங்கிய சுதேசி மைக் கம்பெனியின் பெயர். ஒரு தலைமுறை வங்காளிகளின் விரலில் சுலேகா மைக்கறை இருந்தது. என் கடை வாடிக்கையாளர்களின் நகத்திடுக்கில் இந்தச் சாம்பல் பொடி. மாலையில் நான் கூட்டி அள்ளினால் ஒரு கைப்பிடி இருக்கும்.

இரண்டு எண் எதற்கு என்று எனக்கு முதலில் விளங்கவில்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்த திருச்சிப் பையன் ஒருவன், இரவு உணவு முடிந்து அம்மாவிடம் பேச வருபவன், ஒரு நாள் சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினான். வரிசை எண் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; அது சரக்கைப் பின்தொடர. ரகசிய எண்ணைக் கம்பெனிக் கம்ப்யூட்டர் கண்டபடி உதிர்க்கும். வரிசை எண்ணை வைத்து அதை ஊகிக்க முடியாது. பதினாறு இலக்கம் என்றால் ஒன்றுக்குப் பின்னால் பதினாறு சுழி. சந்தையில் ஒரு கோடி கார்டு உயிரோடு இருந்தாலும், குத்துமதிப்பாக ஓர் எண்ணை அழுத்தினால் அது செல்லுபடியாவதற்கு நூறு கோடியில் ஒரு வாய்ப்பு. ‘லாட்டரி தேவலாம் அங்கிள்’ என்றான். நாலைந்து தடவை தப்பாகப் போட்டால் சிம்மைப் பூட்டியும் விடுவார்கள்.

அதைவிடச் சூட்சுமம் ஒன்றையும் அவன் சொன்னான். அச்சகத்திலிருந்து வெளியே வரும் கார்டு செத்த கார்டு. அதில் 500 ரூபாய் என்று போட்டிருந்தாலும் அட்டை வெறும் அட்டைதான். பணம் இருப்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில், அதுவும் ‘இன்னும் உயிரில்லை’ என்ற குறியோடு. சரக்கு விநியோகஸ்தர் கைக்குப் போய்ச் சேர்ந்ததும், இந்த எண் முதல் இந்த எண் வரை என்று மொத்தமாக உயிர் கொடுப்பார்கள். வழியில் லாரியிலிருந்து கட்டு திருடு போனால் நஷ்டம் அச்சுக்கூலி மட்டும். வாடிக்கையாளர் சுரண்டிப் போட்ட நொடியில் ‘தீர்ந்தது’ என்று மூன்றாவது குறி. பிறப்பு, வாழ்வு, இறப்பு மூன்றும் கம்ப்யூட்டரில் நடக்க, நான் விற்றது அதன் சீட்டை.

இது எனக்கு உறைத்தது ஒரு துர்கா பூஜைக் காலத்தில். சஷ்டி மாலை, தெரு முழுக்க மாலை விளக்கு, தாக் மேளம் அதிர்கிறது. ஒரு கம்பெனியின் புதுக்கட்டு, பெயர் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேல் விற்றேன். முதலில் ஒரு பெண் திரும்பி வந்தாள்: ‘காக்கு, நம்பர் தப்புங்குது.’ நீ சரியாகப் பார்க்கவில்லை என்றேன். பிறகு இரண்டு பேர். பிறகு ஒரு கூட்டமே சுரண்டின கார்டுகளை ஏந்திக்கொண்டு. அந்தக் கட்டுக்கு உயிர் கொடுக்க யாரோ மறந்துவிட்டார்கள். விநியோகஸ்தர் பந்தலில் இருக்கிறார், கஸ்டமர் கேர் பாட்டுப் போட்டுக் காக்க வைக்கிறது. சுரண்டாத கார்டை வாங்கிக்கொள்ளலாம். சுரண்டினதை நான் என்ன செய்ய? வரிசை எண், பெயர் எழுதிக்கொண்டு, கையிலிருந்த வேறு கம்பெனிக் கார்டு கேட்டவர்களுக்கு அதைக் கொடுத்தேன், மற்றவர்களுக்குப் பணம். தசமி கழித்து ஏகாதசி அன்று கார்டுகளுக்கு உயிர் வந்தது. அந்த நாலு நாள் கம்பெனிக்கு நானும் என் நோட்டும் ஜாமீன்.

நோட்டு என்றேனே, அதுதான் விஷயம். முன்பணம் கேட்கும் கார்டு என் மேஜைவரை முன்பணமாக வந்தது. மேஜையைத் தாண்டினதும் மாஷ்காபாரி ஆகிவிட்டது. ‘காக்கு, ஒரு கார்டு குடுங்க, ஸ்டைபெண்டு வந்ததும் தரேன்.’ எப்படி மறுப்பது? ஹாஸ்டல் பிள்ளைகள், டியூஷன் மாஸ்டர்கள், மீன் சந்தையில் கடை போட்டிருந்த ஓர் அம்மாள். எல்லோருக்கும் பக்கம் உண்டு. மீன்கார அம்மாள் ஒரு நாளும் பாக்கி வைத்ததில்லை. பேராசிரியர்கள் இருவர் விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது.

அப்போது 324 ரூபாய் கார்டு ஒன்று உண்டு. ஏன் இந்தக் கோணல் எண் என்று கேட்பார்கள். 300-க்கு 8 சதவீதச் சேவை வரி சேர்த்தால் 324 வரும். 2003 மே முதல் அந்த வீதம். அதே மாதம்தான் உள்வரும் அழைப்புக்குக் காசு கிடையாது என்றானது. அதுவரை கார்டை வாங்கி மாதத்தை ஓட்டப் பயந்தவர்கள் அதற்குப் பிறகு கூசாமல் செல்போன் வாங்கினார்கள். என் பூத்தில் இரவு வரிசை ஒரே வருஷத்தில் கரைந்தது. ஒரு பக்கம் கார்டு விற்றேன், மறுபக்கம் அதே கார்டு என் பூத்தைக் கொன்றது. அப்பாவிடம் சொன்னேன். ‘கம்ப்யூட்டர் வந்தப்ப ஸ்டெனோ என்ன ஆனான்?’ என்று மட்டும் கேட்டார்.

பேசாத பாக்கிக்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்டதில்லை. முப்பது நாள் செல்லுபடி. கார்டில் நாற்பது ரூபாய் மிச்சம் இருந்தாலும் கெடு தாண்டினால் போச்சு, அடுத்த கார்டு போட்டால்தான் உயிர். காத்தா கணக்கில் மறந்த பாக்கி கடைக்காரன் நஷ்டம். ப்ரீபெய்டில் மறந்த பாக்கி கம்பெனியின் லாபம். எனக்கு ப்ரீபெய்டின் மேல் உள்ள ஒரே தீராத கோபம் இதுதான். 2005 கடைசியில் 999 ரூபாய்க்கு ‘ஆயுள் முழுக்க’ என்று விற்றபோது, யாருடைய ஆயுள் என்று கேட்டுவிட்டுத்தான் மக்கள் வாங்கினார்கள்.

பிறகு கார்டு இளைக்கத் தொடங்கியது. கெட்டிப் பிளாஸ்டிக் போய் அட்டை, அட்டை போய்க் காகிதம், கடைசியில் ஷாம்பூ பாக்கெட் சரம் போலக் கிழித்துக் கொடுக்கும் பத்து ரூபாய்ச் சீட்டு. அப்புறம் அதுவும் வேண்டாம் என்று என் போனிலேயே ஒரு சிம் போட்டுக் கொடுத்தார்கள். அதில் நான் முன்பணம் ஏற்றிக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் எண்ணும் தொகையும் அழுத்தினால் என் கணக்கிலிருந்து அவர் கணக்குக்குப் போய்விடும். சென்னையில் என் மருமகன் இதை ‘ஈசி போடறது’ என்பான். ஈசிதான். ஓர் எண் தவறினால் முகம் தெரியாத யாரோ ஒருவர் அன்று இலவசமாகப் பேசுவார்.

ஆனால் கார்டில் ஒரு மரியாதை இருந்தது; அது போனபிறகுதான் தெரிந்தது. கார்டு உங்கள் எண்ணைக் கேட்காது. காசு கொடுத்தால் கார்டு, வீட்டுக்குப் போய்ச் சுரண்டிக்கொள்ளலாம். ஈசியில் எண்ணைக் கடைக்காரன் நோட்டில், பத்துப் பேர் பார்க்க, எழுத வேண்டும். பல்கலைக்கழகப் பெண்கள் பலர் கடைசிவரை காகிதக் கார்டே கேட்டார்கள். காரணம் சொல்ல மாட்டார்கள். 2017-இல் உத்தரப் பிரதேசத்தில் ரீசார்ஜ் கடைகளில் பெண்களின் எண்கள் விலைக்குப் போயின என்று செய்தி வந்தபோது எனக்கு அந்தப் பெண்களின் முகங்கள் ஞாபகம் வந்தன. அவர்களுக்காகவே ஒரு கட்டு எப்போதும் இழுப்பறையில் வைத்திருந்தேன்.

2012-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், கார்டுகளுக்கு நிறம் வகுத்தது: திட்டக் கார்டுக்குச் சிவப்புப் பட்டை, டாப்-அப்புக்குப் பச்சை, சலுகைக் கார்டுக்கு மஞ்சள். டாப்-அப்பில் கம்பெனி எடுக்கும் கட்டணம் மூன்று ரூபாய் அல்லது பத்து சதவீதம், எது குறைவோ அதற்கு மேல் போகக்கூடாது. நல்ல சட்டம். வந்தபோது என் கடையில் காகிதக் கார்டு கேட்பவர்கள் தினம் நாலு பேர்.

போன் கார்டுக்கு நடுவில் இன்னொரு வகையும் வந்துபோனது. 2006-இல் தொடங்கிய இட்ஸ்-கேஷ். இதையும் சுரண்ட வேண்டும். ஆனால் பேச அல்ல, இன்டர்நெட்டில் வாங்க. லேக் மார்க்கெட் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்குக் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் டிக்கெட் எடுக்க இதைக் கேட்டு ஜாதவ்பூர்வரை வருவார்கள். கிரெடிட் கார்டு இல்லாதவர்களுக்கு இது ஒரு வழி. பேசும் கார்டில் போட்ட பணம் அந்தக் கம்பெனியிடம் மட்டும் செல்லும். இதுவோ பல கடைகளில் செல்லும். ஆகவே கிட்டத்தட்டப் பணம். ரிசர்வ் வங்கி விடுமா? 2009 ஏப்ரலில் விதிகள் வந்தன. வெளியிட்டவரிடம் மட்டும் செல்லும் கார்டு ‘மூடியது’, பல கடைகளில் செல்வது ‘அரை மூடியது’, ஏ.டி.எம்.மில் பணமே எடுக்கலாம் என்றால் ‘திறந்தது’. மூன்றாவது வகையை வங்கிகள் மட்டும் வெளியிடலாம். வங்கியல்லாத கம்பெனி, ஜனங்கள் ஏற்றிய பணத்தைத் தன் செலவுக்கு எடுக்கக்கூடாது. ஒரு வங்கியில் தனிக் கணக்கில் பூட்டி வைக்க வேண்டும். 2017-இல் இன்னும் இறுக்கினார்கள்: கடைசியாக ஏற்றிய நாளிலிருந்து ஒரு வருஷமாவது கார்டு செல்ல வேண்டும், காலாவதிக்கு முன் 45 நாளில் எச்சரிக்க வேண்டும். அதைப் படித்தபோது 324 ரூபாய் கார்டில் முப்பது நாள் கெடு வைத்து எரிந்துபோன நாற்பது ரூபாய்கள் ஞாபகம் வந்தன. போன் கார்டு ‘மூடிய’ வகை. அந்த விதி அதன் பக்கம் வரவே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், கடனை ஒழிக்க வந்த கம்பெனியே கடைசியில் கடன் கொடுக்கத் தொடங்கியது. வோடஃபோனில் ‘சோட்டா கிரெடிட்’. பாக்கி தீர்ந்தால் ஒரு குறுஞ்செய்தி அனுப்பு, கொஞ்சம் பேசு, அடுத்த ரீசார்ஜில் கட்டணத்தோடு பிடித்துக்கொள்வோம். என் நோட்டில் கட்டணம் கிடையாது, அது ஒன்றுதான் வித்தியாசம்.

இன்று நான் தினமும் தொடுகிற முன்பணக் கார்டு ஒன்றுதான்: மெட்ரோ கார்டு. 1984-இல் எஸ்பிளனேடிலிருந்து பவானிபூர்வரை ஓடியதே, அந்த மெட்ரோவில் முன்பு காந்தப் பட்டைக் காகித டிக்கெட். 2011-இல் டோக்கனும் ஸ்மார்ட் கார்டும் வந்தன. அன்வர் ஷா ரோடு ஆட்டோவில் டாலிகஞ்ச் போய் அங்கே ஏறுவேன். கவுன்டரில் கார்டையும் நோட்டையும் நீட்டினால் கார்டைக் கருவி மேல் வைத்து ஏற்றிக் கொடுக்கிறார்கள். சுரண்ட ஒன்றும் இல்லை. ஆனால் கார்டுக்காக வாங்கிய வைப்புத் தொகை இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் அது திரும்ப வரும். இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கும்.

கடையை 2013-இல் வாடகைக்கு விட்டேன். முதலில் ஜெராக்ஸ், இப்போது எக் ரோல். அடுப்புக்கு மேலே என் பழைய பலகை அப்படியே தொங்குகிறது, எண்ணெய்ப் பிசுக்கில் ‘தார்’ என்ற சொல் மட்டும் பளபளக்கிறது. அதன் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை, பணம் வந்ததும் சின்னப் பெட்டி உரக்கச் சொல்கிறது. ரோல் கட்டுகிற பையனுக்கு நான் வீட்டுக்காரன் என்பதால், சாயங்கால டீயும் ரோலும் நோட்டில் எழுதிக்கொள்கிறான். மாதக் கடைசியில் வாடகையில் கழித்துக்கொள்கிறோம்.